ஆணியில் தொங்கிய வாளி

பெட்ரோல் பங்கின் தூணில் மாட்டியிருந்த மணல் வாளிக்கு ஆயுத பூஜையன்று காலையிலிருந்தே பற்றிக்கொண்டு வந்தது. புகை பிடிக்காதே என்ற பலகையை மாலை போட்டு மறைத்திருந்தார்கள். அது போதாதென்று, வாளியின் மணலிலேயே நான்கு ஊதுபத்திகளைக் கொளுத்திச் செருகியிருந்தார்கள்.

"நெருப்பை அணைக்கிறவன் தலையிலேயே நெருப்பா?" என்று பொருமியது வாளி.

"வருஷத்துக்கு ஒரு நாள்தானே, பொறுத்துக்கோ," என்றது பக்கத்தில் நின்ற பம்பு. நெற்றியில் சந்தனம், கழுத்தில் சாமந்தி. அதற்குப் பெருமை தாங்கவில்லை.

"உன் வயித்துல இருக்கிறது என்ன, பாயசமா?"

அப்போது தூணை ஒட்டி ஒரு புதுக் கார் வந்து நின்றது. டேங்கில் பெட்ரோல் இறங்கிக்கொண்டிருக்கும்போதே, காரின் சொந்தக்காரர் தட்டில் சூடத்தைக் கொளுத்திக்கொண்டு சுற்றி வந்தார்.

"இப்பவாவது கத்தித் தொலையேன்," என்றது வாளி. பம்பு பக்தியில் உருகிக்கொண்டிருந்தது.

தட்டு டேங்கை நெருங்கியது. வாளி ஆணியை உதறிக்கொண்டு குதித்தது. சூடம், ஊதுபத்தி எல்லாம் மணலுக்கடியில் போயின.

"நல்ல நாளும் அதுவுமா அபசகுனம்," என்று எல்லோரும் வாளியைத் திட்டினார்கள். ஒருவர் அதைத் தூக்கிப் பின்பக்கக் குப்பையில் வீசினார். அந்த ஆணியில் திருஷ்டிப் பூசணிக்காயைக் கட்டித் தொங்கவிட்டார்கள்.

"இனிமே ஒரு பயமும் இல்லை," என்று பம்பு சொன்னது குப்பைமேடு வரை கேட்டது.