பத்துக்குப் பத்து

தலைமையாசிரியையின் அறையில் டவுட்டு தலையைக் கவிழ்த்துக்கொண்டு நின்றாள். எட்டாம் வகுப்பில் எதற்கெடுத்தாலும் கையைத் தூக்கி, "மிஸ், ஒரு டவுட்டு" என்று எழுந்து நிற்பாள். அதனால் வந்த பெயர். அந்தக் கை இன்று மேலே எழவே இல்லை. செய்தவள் வேறு எப்படி நிற்பாள் என்று கணினி ஆசிரியைக்குத் தோன்றியது.

வெளியே பெஞ்சில் சைக்கிள்காரரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். பள்ளி வாசலில் பன்னிரண்டு வருஷமாகப் பஞ்சர் ஒட்டும் மனிதர் அவள் கணவர். நேற்று ஞாயிற்றுக்கிழமை, பழைய டியூப்களைச் சாக்கில் போட்டுக்கொண்டு நாலு தெரு தள்ளிப் போனவரை, போனில் சுற்றிய ஒரு படத்தைப் பார்த்து, பிள்ளை பிடிக்கிறவன் என்று சொல்லி அடித்துப் போட்டுவிட்டார்கள். வலது கையில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு.

அவள் சண்டைக்கு வரவில்லை. ஆசிரியையிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அந்தப் படத்தை எல்லார் போன்லேருந்தும் எடுத்துடுங்க டீச்சர். கை சரியானதும் அவர் தெருவுல இறங்கி நடக்கணும்ல."

அதற்கு வழியே இல்லை என்று சொல்ல ஆசிரியைக்கு வாய் வரவில்லை. சரி என்று தலையாட்டினாள். ஆட்டிய தலையை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஆரம்பித்ததெல்லாம் அவள் வகுப்பில்தான். போனில் வரும் பொய்களைப் பிள்ளைகள் அடையாளம் காண வேண்டும். அதற்கு ஆளுக்கொரு பொய்யை அவர்களே சமைத்துப் பார்க்கட்டும் என்று சொன்னாள். தாளில் மட்டும், வகுப்பை விட்டு வெளியே போகக் கூடாது என்றும் சொன்னாள். வெள்ளிக்கிழமை எல்லாத் தாள்களையும் எண்ணி வாங்கிக்கொண்டாள்.

டவுட்டு சமைத்ததுதான் முதல் தரம். சாக்கும் கையுமாகச் சைக்கிள்காரர் முறைத்துக்கொண்டு நிற்கிறார். சிரிப்பை அடக்கிக்கொண்டு அவரே நின்று கொடுத்த படம், பிரிண்ட் எடுத்துத் தாளில் ஒட்டியது. கீழே, 'பிள்ளை பிடிக்கிறவன், உஷார்!' சனிக்கிழமை வீட்டில் திருத்தும்போது ஆசிரியையே ஒரு நொடி பயந்துபோய், சிரித்துக்கொண்டே பத்துக்குப் பத்து போட்டாள். வெளியூரில் இருக்கும் அக்காவுக்கும் அதைக் காட்டாமல் அவளால் இருக்க முடியவில்லை.

அதே படம்தான் இப்போது ஊரெல்லாம் சுற்றுகிறது. மூலையில் ஏதோ சிவப்புக் கிறுக்கல் வேறு இருக்கிறதாம். அதைப் போலீஸ் கையெழுத்து என்று நம்பித்தான் பலரும் பரப்பினார்களாம். ஆசிரியையின் போனுக்கும் வந்தது. அதில் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்ததும் உடனே மூடிவிட்டாள்.

மேஜைமேல் டி.சி. படிவம் தயாராக இருந்தது. பள்ளியின் பெயர் கெடாமல் இருக்க ஒரு பெயராவது எழுதியாக வேண்டும் என்றார் தலைமையாசிரியை.

ஆசிரியை டவுட்டின் அருகில் போனாள். இருப்பதிலேயே நல்ல பிள்ளை இவள்தான்.

"யாருக்கு அனுப்பினேன்னு மட்டும் சொல்லிடும்மா. நான் பேசிக்கிறேன்."

"நான் யாருக்கும் அனுப்பல, மிஸ்."

மூன்று தரம் கேட்டாயிற்று, மூன்று தரமும் இதே பதில். தலைமையாசிரியை பேனாவைத் திறந்தார்.

அப்போதுதான், பழக்கதோஷத்தில், டவுட்டின் கை மெல்ல மேலே எழுந்தது.

"மிஸ், ஒரு டவுட்டு. அந்தப் படத்தை நான் ஒரு தடவை பார்க்கலாமா?"

காலையிலிருந்து திட்டியவர்களில் ஒருவருக்கும் அதை அவளிடம் காட்டத் தோன்றவில்லை. ஆசிரியை போனை நீட்டினாள்.

வகுப்பில் சொல்லிக் கொடுத்தபடியே அந்தப் பெண் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி, ஒவ்வொரு மூலையாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். சிவப்புக் கிறுக்கல் இருந்த மூலையில் விரல் நின்றது. நெடுநேரம் அங்கேயே பார்த்தாள்.

பிறகு போனை ஆசிரியையின் பக்கம் திருப்பி வைத்தாள். பெஞ்சில் இருப்பவளுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"மார்க் போட்ட பேப்பரை நீங்க இன்னும் எங்களுக்குத் திருப்பித் தரவே இல்லையே, மிஸ்."