சிவப்புக் கெண்டை

"முதுகைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க அண்ணே, தேய்ச்சு விடறேன்" என்றார் குராமொச்சி, தேன் ஒழுகும் குரலில்.

"ஐயையோ, உங்க கையாலயா? நீங்க திரும்புங்க, முதல்ல நான் தேய்க்கறேன்" என்றான், சுவரில் வரைந்த ஃபூஜி மலையோடு முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த தடியன்.

அசகுசா பொதுக் குளியல்கூடத்தில், பக்கத்து ஆள் முதுகு தேய்க்க வந்தால் யாரும் மறுப்பதில்லை. இவன் மறுக்கிறான். துப்பறியும் அதிகாரியான குராமொச்சிக்கு நெஞ்சுக்குள் மத்தளம் கொட்டியது.

கொட்டாதா பின்னே? நகைக்கடைக் கொள்ளையன் 'சிவப்புக் கெண்டை'யின் முகத்தை யாரும் பார்த்ததில்லை. சட்டை கிழிந்து ஓடியபோது, முதுகு முழுக்கப் பச்சை குத்தியிருந்த சிவப்புக் கெண்டை மீனைத்தான் பார்த்தார்கள். "பொழுது விடிஞ்சா போதும், அவன் அந்தக் குளியல்கூடத்துலதான் கிடக்கான்" என்று துப்பு கிடைத்த நாளிலிருந்து குராமொச்சி வெந்நீரில் வெந்துகொண்டிருக்கிறார். இன்று கடைசிக் கெடு. பிடிக்காவிட்டால் ஹொக்கைடோவின் பனிக்கு மாற்றல். மனைவி கம்பளிச் சட்டை பின்ன ஆரம்பித்தே விட்டாள்.

"என் பிழைப்புல ஏன்யா மண்ணைப் போடறீங்க? முதுகு தேய்க்க நான் ஒருத்தன் இருக்கேனே!" என்று சிரித்தபடி வந்தான் ஹெய்சோ. காசு வாங்கிக்கொண்டு முதுகு தேய்த்துவிடும் ஆள். தடித்த நீலச் சட்டையோடு நீராவிக்குள் ஓடியாடிக்கொண்டே இருப்பான். அவன் கை பட்டால் எலும்பெல்லாம் இளகிவிடும். இந்த வழக்கில் குராமொச்சி கண்ட ஒரே சுகம் அதுதான்.

"நீ சும்மா இரு ஹெய்சோ. அண்ணன் முதுகை நான்தான் தேய்ப்பேன்."

"அந்தக் கதையே வேணாம். உங்க முதுகை நான் பார்த்தே ஆகணும்!" என்றான் தடியன்.

"பார்த்தே ஆகணுமா?"

இருவரும் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள். மர வாளிகள் உருண்டன. கட்டிப் புரண்டு, வழுக்கி, நுரையும் கையுமாகத் தொட்டிக்குள் தொபுக்கென்று விழுந்தார்கள்.

"எல்லாரும் முங்கற தொட்டிக்குள்ள சோப்போட இறங்கறீங்களே, அறிவு இருக்கா?" என்று குளித்துக்கொண்டிருந்தவர்கள் கத்தினார்கள். கொள்ளையனைக்கூட மன்னிப்பார்கள், இதை மன்னிக்க மாட்டார்கள்.

எழுந்தபோது ஒருவர் முதுகை ஒருவர் பார்த்தாயிற்று. இரண்டிலும் ஒரு மச்சம்கூட இல்லை.

"யோவ், நான் போலீஸ்யா!" என்றார் குராமொச்சி.

"நானும்தான்யா! யொகொஹாமா போலீஸ், பேரு நெமோட்டோ. கெண்டையைத் தேடித்தான் வந்தேன்!"

இருவரும் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தார்கள். திட்டியவர்களும் சேர்ந்துகொண்டார்கள். குராமொச்சிக்கு மனசு லேசாகிவிட்டது.

"போனாப் போகுது. ஹொக்கைடோவுல நண்டு நல்லா இருக்குமாம்!"

"அடுப்புக்கு விறகு போடணும் ஐயா" என்று ஹெய்சோ மெல்ல நழுவினான்.

"எங்கடா ஓடறே?" குராமொச்சி அவன் கையை எட்டிப் பிடித்தார். "இத்தனை நாளா என் முதுகுக்கு உழைச்சவன் நீ. ஊரை விட்டுப் போறதுக்குள்ள ஒரு தடவையாவது உன் முதுகை நான் தேய்க்க வேணாமா? உட்காரு!"

"ஐயோ, வேணாம் ஐயா! எனக்குக் கூச்சம்..."

"கூச்சமாவது ஒண்ணாவது!" நெமோட்டோ அவன் தோளை அமுக்கி மணையில் உட்காரவைத்தார்.

குராமொச்சி துண்டில் சோப்பை நுரைக்கத் தேய்த்துக்கொண்டு, பாசத்தோடு அந்த நீலச் சட்டையைத் தூக்கினார். முதுகு முழுக்க, வாயைப் பிளந்துகொண்டு, ஒரு சிவப்புக் கெண்டை!