உள்ளக விசாரணை

"உள்ளக விசாரணை முடிஞ்சுது, கனிசியஸ். குற்றவாளியைப் பிடிச்சிட்டன். மன்னிச்சும் போட்டன். நீரும் மன்னிச்சதெண்டு இதிலை ஒரு கையெழுத்து வையும்," என்றார் பிரகலாதன் முதலாளி.

அரசாங்கத்தின் உள்ளக விசாரணைகளைப் பார்த்துப் பழகிய யாழ்ப்பாணத்தில் அந்தச் சொல்லைக் கேட்டாலே சிரிப்பார்கள். கனிசியசுக்குச் சிரிப்பு வரவில்லை. முதலாளியின் நண்டுத் தொழிற்சாலையில் தகரப்பேணி மூடும் மெசினின் பாதுகாப்புக் கூட்டை யாரோ கழற்றிவிட, அவன் மனைவி றொசாந்தியின் இரண்டு விரல்கள் போய்விட்டன. இப்போது அதே மெசினில் அவள் தங்கை ஜெசிதா நிற்கிறாள். கூடு இன்னும் பூட்டப்படவில்லை.

முதலாளி தியான முகாமுக்குப் போய்வந்த நாளிலிருந்து தொழிற்சாலையில் எதுவும் பழுதாவதில்லை. எல்லாம் 'பாடம்' ஆகிவிடுகிறது. விரல் போனது றொசாந்திக்கு, பாடம் படித்தது அவர்.

"கழட்டினது ஆர் முதலாளி?"

"பேர் வேண்டாம், வெறுப்பு வளரும். வேலை கெதியாய் முடியட்டும் எண்டு கழட்டினவர். முதலிலை ஒத்துக்கொள்ளேல்லை. மூண்டு நாள் விடாமல் கேட்டன். கடைசியிலை அழுதிட்டார்."

மெக்கானிக் எமில்ராஜாகத்தான் இருக்கும் என்று கனிசியஸ் நினைத்தான்.

"வேலையாலை நிப்பாட்டிப் போட்டியளோ?"

"திருந்தின மனிசனை ஏன் நிப்பாட்டுவான்? இப்ப முந்தியை விடப் பொறுப்பாய் இருக்கிறார்."

கனிசியசின் மனம் இளகியது. தேவாலயத்தில் பாவசங்கீர்த்தனம் கேட்கும் சுவாமியும் பாவம் செய்தவனின் பேரைச் சொல்வதில்லைத்தானே. அழுதவனைப் போட்டு மிதிக்க அவனுக்கு மனம் வரவில்லை.

"கூட்டை மட்டும் இண்டைக்கே பூட்டச் சொல்லுங்கோ."

"மனசுக்குக் கூடு பூட்டினால் மெசினுக்குத் தானாய் வரும், தம்பி."

அது 'ஓம், பூட்டுறன்' என்றுதான் கனிசியசுக்கு விளங்கியது. கையெழுத்து வைத்தான்.

முதலாளியின் அறையிலிருந்து இறங்கி வர, கீழே எமில்ராஜ் கைதுடைத்துக்கொண்டு நின்றான். கனிசியஸ் அவன் தோளில் கைவைத்தான்.

"நீ அழுததாம், முதலாளி சொன்னவர். நானும் மன்னிச்சுக் கையெழுத்து வைச்சிட்டன். இனி அந்தக் கூட்டைப் பூட்டிவிடு."

எமில்ராஜ் அவனை ஏற இறங்கப் பார்த்தான்.

"நான் ஏன் அண்ணை அழவேணும்? கழட்டாதேங்கோ எண்டு காலிலை விழாக்குறையாய்ச் சொன்னவன் நான். தன்ரை கையாலை கழட்டிப்போட்டு, பிறகு மூண்டு நாள் அறையைப் பூட்டிக்கொண்டு தனிய இருந்து அழுதது முதலாளிதான்."