காய்ச்சல்

"நாட்டுக்கு உழைக்க வந்தானா, நாள் எண்ண வந்தானா அந்த வக்தி? கோழைப் பய" என்றார் கம்பெனி முதலாளி அஸ்மி பாஷா.

"தொலைஞ்சான் விடுங்க, பாஷா" என்றான் என்ஜினியர் தர்வத். வக்தியின் நாற்காலி இப்போது அவனுடையது.

நைல் பாலத்துக்கு பாஷா இரண்டு வருஷம் கேட்டிருந்தார். டி.வி. கேமராக்களுக்கு முன்னால் ஜனாதிபதி, "ஒரு வருஷம் போதாதா?" என்றார்.

"உங்க உத்தரவு, தலைவரே" என்றார் பாஷா. மண்டபமே கைதட்டியது. அடுத்த பாலமும் டெண்டர் இல்லாமலே அவருக்கு வந்தது.

வக்தி மட்டும், "நடுப்பகுதி கான்கிரீட் இன்னும் இறுகல. கீழ தாங்கி நிக்கிற சென்ட்ரிங்கை இப்பப் பிரிக்கக் கூடாது" என்று மறுத்தான். வேலை போனது. தர்வத் கையெழுத்துப் போட்டான். சென்ட்ரிங்கைப் பிரித்தார்கள்.

இன்று திறப்பு விழா.

"உனக்கு ஒரு பரிசு வச்சிருக்கேன்" என்று பாஷா, பாலத்து முனையில் நின்ற தர்வத்தின் தோளைத் தட்டினார். "உன் பொண்ணு டாலியாவோட வகுப்பையே வரச் சொல்லியிருக்கேன். நடுப்பாலத்துல நின்னு ஜனாதிபதிக்குக் கொடி ஆட்டட்டும்."

தர்வத் சிரித்து வைத்தான். பிறகு ஒதுங்கிப் போய் மனைவிக்குப் போன் செய்தான்.

"நெர்மீன், டாலியாவை அனுப்பாதே. காய்ச்சல்னு சொல்லிடு."

"இன்னிக்கு அந்த வகுப்புக்கே காய்ச்சல்."

"என்ன சொல்றே?"

"காலையில வக்தி ஸ்கூல் வாசல்ல நின்னாரு. ஒவ்வொரு அம்மாகிட்டயும் அப்படிச் சொல்லச் சொன்னாரு. அவருக்கு அங்க பிள்ளைகூடக் கிடையாது. போலீஸ் வந்து வேன்ல ஏத்திட்டுப் போயிடுச்சு."

தர்வத்துக்கு முகம் எரிந்தது. அந்த வகுப்பில் மற்ற குழந்தைகளும் இருப்பது அதுவரை அவனுக்குத் தோன்றவே இல்லை.

"நம்ம டாலியா... வீட்லதானே இருக்கா?"



"பாலத்துக்கு ஒண்ணும் ஆகாது, அவன் சும்மா பயமுறுத்தறான்னு ராத்திரிகூட நீங்கதானே சொன்னீங்க? அதையேதான் நான் வக்திகிட்ட சொன்னேன்."

பள்ளிப் பேருந்து நடுப்பாலத்தில் வந்து நின்றது. அதிலிருந்து ஒரே ஒரு குழந்தை இறங்கி, அப்பாவைப் பார்த்துக் கொடியை ஆட்டியது.