கொடியில் பச்சைச் சேலை

ஒக்கலிபுரத்தில் எல்லோரும் சைக்கிளை பிரேக் போட்டு நிறுத்துவார்கள். நான் பக்கத்து வீட்டுத் துணிக்கொடியில் மோதி நிறுத்தினேன். கொடி அறுந்து, தெய்வானையின் பச்சைச் சேலை சேற்றில் விழுந்தது. பதறி எடுத்தேன். சேறு பட்ட இடம் தவிர எங்கும் ஈரமே இல்லை.

"ஏம்மா, காய்ஞ்ச சேலையையா ஒரு வாரமா தினமும் காயப்போடறே?"

"அதெல்லாம் அப்புறம்ணா. முதல்ல கொடியைக் கட்டுங்க!"

"இரும்மா, என் வீட்டுக்காரி அலசித் தருவா. எனக்கு விழத்தான் தெரியும், துவைக்கத் தெரியாது."

"மணி ஒன்பதாகப் போகுது. சேத்தோடயே போடுங்க!"

சேற்றைக் காயப்போடும் பெண்ணை அன்றுதான் பார்த்தேன். முடிச்சுப் போட வராததால், அறுந்த முனையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து நானே கம்பமாக நின்றேன்.

எதிரே தண்டவாளத்தில் கூட்ஸ் வண்டி வந்தது. இன்ஜின் இரண்டு முறை கூவிவிட்டுப் போனது. தெய்வானை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்பவாவது சொல்லும்மா, என்ன இது?"

"இன்ஜின்ல கரி தள்றது எங்க வீட்டுக்காரர்ண்ணா. லீவு கிடைக்கல. பிள்ளைக்கு ஒரு வாரமா விஷ ஜுரம். கொடியில பச்சை தெரிஞ்சா பயமில்லைன்னு அர்த்தம். தெரியலைன்னா, ஓடற வண்டியிலிருந்தே குதிச்சிடுவேன்னு சொல்லியிருக்கார்."