மங்காத கண்ணாடி

"நாளையிலேர்ந்து உனக்கு அந்தத் தொல்லையே இருக்காது!"

ராத்திரி நடந்த சண்டையில் கணவன் கடைசியாகச் சொன்னது அதுதான். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

காலையில், "என்னங்க, நேரமாச்சு, ஆபீஸ் போகலையா?" என்று அவனை உலுக்கினாள் மனைவி. அசைவே இல்லை. தலைமாட்டில் காலி மாத்திரை அட்டை கிடந்தது.

மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். மின்விசிறிக் காற்றில் எது மூச்சு என்றே தெரியவில்லை. குளியலறைக்கு ஓடினாள். ஆணியில் தொங்கிய சின்னக் கண்ணாடியைப் பிடுங்கி வந்து அவன் மூக்கடியில் பிடித்தாள். உயிர் இருந்தால் ஆவி படியுமே!

பொட்டு ஆவிகூடப் படியவில்லை. கண்ணாடி பளிச்சென்றே இருந்தது.

"ஐயோ, அற்ப விஷயத்துக்குப் போய் உங்களைக் கொன்னுட்டேனே!" என்று அவன் மார்பில் விழுந்து கதறினாள்.

"யாரைக் கொன்னே?" என்று கண் திறந்தான் அவன்.

அவள் மாத்திரை அட்டையையும் கண்ணாடியையும் மாறி மாறிக் காட்டினாள்.

"அது சளி மாத்திரைம்மா. கடைசி ஒண்ணு இருந்துச்சு, போட்டேன். அடிச்சுப் போட்ட மாதிரி தூக்கம். கண்ணாடியில நீ தூங்கினப்புறம் சோப்பு தேய்ச்சுத் துடைச்சு வச்சேன். இனிமே ஆவி படியாது. நான் வெந்நீர்ல குளிச்சா கண்ணாடி மங்கிடுது, தலைவார முகமே தெரியலைன்னு நீதானே ராத்திரி அந்தக் குதி குதிச்சே?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியை அவன் கையில் திணித்தாள்.

"முதல்ல போய் இதைக் கழுவிட்டு வாங்க. இது தினமும் மங்கலாவே இருக்கட்டும்."