வீட்டிலிருந்தே ஆராதனை

ஞாயிறு காலை. சபையின் இணையவழி ஆராதனை டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. கணவர் பனியனோடு, டீப்பாயின் மேல் காலை நீட்டிச் சோபாவில் சாய்ந்திருந்தார்.

“கால கீழ போடுங்க. பிரசங்கம் நடக்குது,” என்றாள் மனைவி.

“நம்மள யாரு பாக்கப் போறா? காபி இருக்கா?”

காபி வந்தது. பிரசங்கம் முடியவில்லை.

“சொன்னதையே எத்தனை தடவ கேக்குறது? ஒரே இழுவை.” ரிமோட்டை எடுத்து வேகமாக ஓட்டிவிடப் பார்த்தார்.

மனைவி அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

“வெள்ளிக்கிழமை இதே ஹால்ல அங்கிய மாட்டிக்கிட்டு கேமரா முன்னாடி நீங்க பேசினப்ப, விசில் சத்தம் விழக் கூடாதுன்னு குக்கரை அணைச்சுட்டு முழுசையும் கேட்டேன். உங்க பிரசங்கத்த நீங்களே ஓட்டிட்டா, சபையில வேற யாருங்க கேப்பாங்க?”

போதகர் மெல்லக் காலைக் கீழே இறக்கினார்.